ஏழு கப்பலும் ஒரு சாட்சியும்

அம்மிணி,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம்தான் என்று தெரியும். தினமும் காலையில் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம். பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இதைப் போனிலேயே சொல்ல இரண்டு தடவை முயன்றேன். முதல் தடவை "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டாய். சாப்பாட்டைப் பற்றியே பேசி வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை ஆடு குட்டி போட்டதைச் சொன்னேன். உன் குரல் காதில் விழுந்தால் என் வாய் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. காகிதம் குறுக்கே பேசாது, அதனால் இதில் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் ஓடுகிறது. மாதக் கடைசியில் உன் புத்தகம் அச்சுக்குப் போகிறது என்றாய். அதற்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும்.

எழுதுவது எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று யார் கண்டது! முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினேன். அத்தனை வருஷமும் ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படிக்கத் தெரியாமல், மனிதர் முகத்தை அடையாளம் காண்பதுபோலத்தான் கண்டேன். சேலம் என்றால் இப்படி இருக்கும், கரூர் என்றால் அப்படி இருக்கும், அவ்வளவுதான். பலகையைப் புதிதாக மாற்றிவிட்டால் இறங்கி யாரையாவது கேட்பேன். இப்போது சாயங்கால வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து கண்ணில் பட்ட எதையும் விடுவதில்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன்கள் பெயர், மஞ்சள்தூள் பாக்கெட்டில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதுவரை படிக்கிறேன். "ஏனுங்க, அந்த உப்புப் பாக்கெட்டப் படிச்சு முடிச்சுட்டீங்கன்னா இப்பிடிக் குடுங்க, கொழம்பு கொதிக்குது" என்கிறாள் உன் அம்மா. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

போன தடவை வந்தபோது உன் புத்தகத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வந்து என் மடியில் வைத்தாய். "மொதல்ல நீங்கதாம்ப்பா படிக்கோணும்" என்றாய். காலேஜில் பாடம் நடத்துகிற மகள் எழுதிய புத்தகம், அதைப் படிக்கிற முதல் ஆள் நான். நீ பஸ் ஏறும்வரை அடக்கிக்கொண்டிருந்தேன், அப்புறம் அழுதேன். மறுநாளே விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆனது.

உன் புத்தகம் எனக்குப் புரிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரிய சண்டையின்போது ஜப்பான்காரன் கடல் வழியாக நம் கிழக்குக் கரையில் இறங்கிவிடுவான் என்று பயந்தார்கள். வடக்கே துறைமுகங்களில் குண்டும் விழுந்தது. மெட்ராஸிலிருந்து சனங்கள் பெட்டி படுக்கையோடு உள்நாட்டுக்கு ஓடி வந்தார்கள், சேலத்துக்கும் வந்தார்கள். அந்த நேரத்தில் அதிகாரிகள் சிலர் அறைக்குள் உட்கார்ந்து, வருவானா மாட்டானா, வந்தால் எங்கே, எப்போது, எத்தனை பேர் என்று கணித்து எழுதிய தாள்களைத்தான் நீ தேடித் தேடிப் படித்திருக்கிறாய். அதில் ஒருவர், எதிரிக்கு ஆசை இருக்கிறதா என்பதைப் பார்க்காமல், அத்தனை பட்டாளத்தை ஏற்றிவரக் கப்பல் இருக்கிறதா என்று பார்த்தார் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் நான் தொடையைத் தட்டினேன். லாரிக்காரனுக்கு அது சொல்லாமலே விளங்கும். சரக்கு எவ்வளவு கிடந்தால் என்ன, வண்டி இல்லாமல் ஒரு மூட்டைகூட நகராது. ஆனால் அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தாய்.

கேட்காததற்கு நீ சொன்ன காரணம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு கடற்கரைக் காவல் கொட்டகையிலிருந்து, கப்பல்களைப் பார்த்தோம் என்று ஒரு செய்தி போனது. அதை ஒரு அலுவலகம் தன் தாளில் எழுதியது. அந்தத் தாளைப் பார்த்து இன்னொரு அலுவலகம் எழுதியது. மேலே இருந்தவர் மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்று பேர் சொல்கிறார்கள், அப்படியானால் உண்மைதான் என்று முடிவு கட்டினார். அதை நம்பிக் கரையோரக் குப்பங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். மூன்று தாளுக்கும் வாய் ஒன்றே என்பதை ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை. இதை நீ அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாய் சாமி. படித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன்.

அதற்கு அடுத்த அத்தியாயத்தில் என் அப்பா வருகிறார்.

அந்தக் கொட்டகை உன் தாத்தா தண்ணீர் சுமந்த அதே கொட்டகை என்று ஊர்ப் பெயரை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாய். மேலே இருந்தவர்கள் செய்தியைச் சரிபார்க்காமல் விட்டது தப்புதான், ஆனால் செய்தி பொய்யில்லை, கப்பல்கள் இருந்தன என்று எழுதியிருக்கிறாய். அதற்கு மூன்று சாட்சி. நான், எருமப்பட்டியில் இருக்கும் உன் அத்தை பாப்பாத்தி, என்னோடு லாரி ஓட்டிய ஓமலூர் மாதையன். மூவரும் ஏழு கப்பல் என்கிறோம். தாத்தா பனைமரத்தில் ஏறிச் சிவப்புத் துண்டை வீசி ஊரை எச்சரித்தார் என்று நானும் அத்தையும் சொல்கிறோம், மாதையன் சொல்லவில்லை. ஆகவே மூவரும் கூடிப் பேசிவைத்துக்கொண்டு சொன்னதாகத் தெரியவில்லை, எண்ணிக்கை மட்டும் ஒத்துப்போகிறது, இது நம்பத் தகுந்தது என்று முடித்திருக்கிறாய்.

அம்மிணி, மாதையனுக்குத் துண்டு தெரியாததற்குக் காரணம், அவனிடம் நான் கதை சொன்னபோது துண்டை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் எட்டு நாள் சுற்றி வந்தேன்.

உன் தாத்தா என்னிடம் சொன்னது இவ்வளவுதான். சண்டைக் காலத்தில் உப்பு ஏற்றிவர ஊர்க்காரர் இன்னொருவரோடு வண்டி கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். அங்கே கொட்டகையில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க நாலு பேரை வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நல்ல தண்ணீர் வேண்டும், கிணறு தொலைவு. வண்டி வைத்திருந்ததால் அப்பாவைத் தண்ணீர் கொண்டுவர நிறுத்திக்கொண்டார்கள். ஒரு நாள் அதிகாரி ஒருவர் வந்து ஒவ்வொருவராகக் கேட்டார். கொட்டகைத் தலைவர் கப்பல்களைப் பார்த்தேன் என்றார். மற்ற மூவரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆமாங்க என்றார்கள். கடைசியில் அப்பாவிடம் வந்தார்.

"தண்ணிக்காரா, நீ பாத்தியா?"

"ஒண்ணுமில்லீங்க."

"சரியாப் பாத்தியா?"

"கொடத்த எறக்கி வெக்கறப்பல்லாம் பாத்தனுங்க. தண்ணிதானுங்க இருந்துச்சு."

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாளே தலைவர் அப்பாவை விரட்டிவிட்டார். கூடப் போன ஊர்க்காரர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஊர் திரும்பியதும் கடைத்தெருவில் நின்று நடித்தே காட்டிவிட்டார். சண்டைக்குப் போய் ஒன்றையும் காணாமல் திரும்பி வந்தவன் என்று ஊர் சிரித்தது. அன்றிலிருந்து உன் தாத்தாவுக்கு ஊரில் பெயர் "ஒண்ணுமில்லீங்க." நான் பிறந்தபோது அந்தப் பெயர் பழகிப்போயிருந்தது. ஆடு மேய்க்கப் போனால் "ஒண்ணுமில்லீங்க மவன் வாரான்" என்பார்கள். சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்டால் "உங்கப்பனுக்கு ஒண்ணுமில்லீங்க, உனக்கு என்ன சாமி வேணும்?" என்பார்கள். அப்பா கோபப்படவே மாட்டார். நான் அவர்மேல் கோபப்பட்டேன். அந்த நாலு பேரைப்போல ஒரு வார்த்தை ஆமாங்க என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று இருபது வயதில் அவரிடமே கேட்டேன். "இல்லாதத எப்பிடிச் சாமி இருக்குன்னு சொல்றது?" என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவரிடம் நான் பேசியதிலேயே வெட்கப்பட வேண்டியது அதுதான்.

அவர் இறந்த மறுவருஷம் சேலத்தில், லாரிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நம் ஊர் டிரைவர் ஒருவன் அத்தனை பேர் முன்னால் "ஒண்ணுமில்லீங்க மவனுக்கு ஒரு டீ" என்றான். "என்னடா தெரியும் உனக்கு? எங்கப்பன் ஏழு கப்பலப் பாத்தாரு. வெளிய சொல்லாதேன்னு ஆபீசர் சத்தியம் வாங்கீட்டாரு. அதான் ஒண்ணுமில்லீங்கன்னாரு" என்றேன். டீ வாங்கிக் கொடுக்க மூன்று பேர் வந்தார்கள். மாதையன் அங்கே இருந்தான். ஏழு எங்கிருந்து வந்தது என்கிறாயா? எதிரே ஏழு லாரி நின்றது.

அப்புறம் அது என் கையில் இல்லை. ஊருக்கு வந்தது, உன் அத்தைக்குப் போனது. உன் நிச்சயத்தின்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பந்தியில் உட்கார்ந்து தன் பாட்டனார் புலியை விரட்டியதைச் சொன்னார். நான் விடுவேனா? அன்றுதான் பனைமரமும் சிவப்புத் துண்டும் வந்தன. அத்தை பக்கத்து இலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சுதந்திர தினத்துக்கு நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போடுகிறார்கள் அல்லவா, அந்த நாற்காலி அந்தத் துண்டு வாங்கிக் கொடுத்ததுதான். புத்தகத்துக்காக நீ போனை மேசையில் வைத்துப் பதிவு செய்துகொண்டே "தாத்தா உங்ககிட்ட நேராச் சொன்னாராப்பா?" என்று கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆமா சாமி" என்றேன். நீ தலையை ஆட்டி எழுதிக்கொண்டாய். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டுத்தான் நீ சரித்திரம் படிக்கப் போனாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உண்மையைச் சொல்லாமல் விட்டேன்.

மூன்று பேர் சொன்னால் நம்பிவிடுவது எனக்கும் நடந்ததுதான். நீ ஆறாவது படித்தபோது பள்ளிக்கூடப் பரிசு விழாவுக்கு நான் வரவில்லை, ஞாபகம் இருக்கும். முட்டை லோடு இறக்கிவிட்டுப் பாலக்காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த டிரைவர் ஒருவன் பாலம் முழுகிவிட்டது என்றான். இன்னொருவனும் சொன்னான். மூன்றாமவனும் சொன்னான். வண்டியைத் திருப்பி மலைப் பக்கமாகச் சுற்றி வந்தேன். மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தால் நீ மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாய். பிறகுதான் தெரிந்தது, பாலம் முழுகவே இல்லை. மூன்று பேரும் ஒரே டீக்கடையில் கேட்டதைச் சொல்லியிருக்கிறார்கள். நீ பாலத்தைக் கண்ணால் பார்த்தாயா என்று ஒருவனிடமாவது கேட்டிருக்கலாம். நான் கேட்காத கேள்வியை நீ கேட்கப் பழகிக்கொள். வெளியாரிடம் கேட்பதைவிட வீட்டாரிடம் இரண்டு மடங்கு கேள். நீ அதிகாரிகளின் தாள்களை அவ்வளவு கிண்டினாய். அப்பா என்றதும் கையை எடுத்துவிட்டாய். பாசம்தான், தப்புச் சொல்லமாட்டேன். ஆனாலும் அது உன் வேலைக்கு ஆகாது.

உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்த பிறகு நான் சும்மா இருக்கவில்லை. முதலில் எருமப்பட்டி போய் உன் அத்தையிடம் சொன்னேன். அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்பா உன்கிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லியிருக்காருன்னு எத்தன நாள் உள்ளுக்குள்ள வெந்திருக்கறேன் தெரியுமாண்ணா? எனக்கு ஏன் சொல்லுலீன்னு."

"எனக்கும் சொல்லுல பாப்பாத்தி. சொல்ல ஒண்ணுமில்ல."

"அம்மிணி போன்ல கேட்டப்ப நானே மரத்தடியில நின்னு பாத்தாப்பல சொல்லிப்போட்டேன். சிவப்புத் துண்டு காத்துல படபடன்னு அடிச்சுதுன்னுகூடச் சொன்னேன். இப்ப எம் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெக்கறது?"

பிறகு சோறு போட்டாள். குழம்பில் உப்பே இல்லை, நான் சொல்லவும் இல்லை.

மாதையன் அப்படியில்லை. ஓமலூர் பஸ்ஸை நானே பலகை படித்து ஏறிப் போனேன். ஏழு லாரி விஷயத்தைச் சொன்னதும் இருமல் வரும்வரை சிரித்தான். "அடப்பாவி, அதுல ஒண்ணு என் வண்டிடா! அப்ப நானும் ஜப்பான் கப்பல் ஓட்டியிருக்கறேன்!" என்றான். சிரித்து முடித்துவிட்டு, "அந்தப் புள்ள பாவம்டா. எவ்வளவு மரியாதையாக் கேட்டுச்சு. இப்ப எல்லாத்தையும் மாத்தி எழுதோணுமே" என்றான். அதுதான் என்னையும் அரித்தது. ஒரு அத்தியாயம் சரிந்தால் அதன்மேல் கட்டியதெல்லாம் சரியும். அச்சகம் காத்திருக்கும், உன் காலேஜில் நாலு பேர் சிரிப்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு செத்துப்போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் ஒரு ராத்திரி நினைத்தேன். ஆனால் படிக்கத் தெரிந்துவிட்டதே அம்மிணி. என் பொய் அச்செழுத்தில் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டேன். பார்க்கவில்லை என்று இனி சொல்ல முடியாது.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரிடமும் சொல்லிவிட்டேன். "அதனால என்னங்க, நாற்காலி கெடக்குது, வந்து உக்காருங்க" என்றார். கொடியேற்றத்துக்கு வருகிறேன், பின்னால் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியாக உன் அம்மாவிடம் சொன்னேன். வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கப்பலும் இல்ல, துண்டும் இல்லீன்னு தெரியும். மாமா படுத்த படுக்கையா இருந்தப்ப நாந்தான கஞ்சி ஊத்துனேன். அப்ப சொன்னாரு."

"நிச்சயத்தன்னிக்கு நீயும் பந்தியிலதான இருந்த? வாயத் தொறக்குலியே?"

"சம்பந்தி ஊட்டாளுங்க முன்னால உங்கள உட்டுக்குடுக்கச் சொல்றீங்களா? இன்னுங் கேளுங்க. அந்தாளு வெரட்டியுட்டதுக்கப்பறம் மாமா நேரா ஊருக்கு வருல. அது உங்களுக்குத் தெரியாது. அங்க என்ன பண்ணுனாருன்னா…"

நான் கையை நீட்டி அவள் வாயைப் பொத்திவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை. அவள் பயந்தேபோய்விட்டாள். "சொல்லாத. எங்கிட்டச் சொல்லாத. நீ சொல்லி நான் கேட்டுட்டேன்னா அப்பறம் ரெண்டு பேருக்கும் ஒரே வாயி ஆயிரும்" என்றேன். "கிறுக்குப் புடிச்சுப்போச்சா உங்களுக்கு?" என்றாள். உன் புத்தகத்தை எடுத்து, மூன்று தாள் பற்றி நீ எழுதியதை மறுபடியும் படித்துக் காட்டினேன். இப்போது அவளுக்கும் புரிந்துவிட்டது. ஐந்து நாளாக அந்தப் பேச்சை வீட்டில் எடுப்பதில்லை. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் கேட்டுவிடலாமா என்று வருகிறது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ரசம் ஊற்றுகிறாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. புத்தகத்தை நிறுத்தி வை. அந்த அத்தியாயத்தை எடு. சாட்சி மூன்று பேர் இல்லை, ஒருவர்தான், அந்த ஒருவரும் பொய் சொன்னார், அவர் என் அப்பா என்று எழுது. என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு எழுத்தையும் மாற்றாதே. உனக்குத் தோன்றினால் இந்தக் கடிதத்தையே அந்த இடத்தில் போடு, ஊரார் படிக்கட்டும். கொட்டகையில் ஐந்து பேர் இருந்தார்கள், ஒருவர் ஒன்றுமில்லை என்றார், அது மேலே போன எந்தத் தாளிலும் ஏறவில்லை. அதையும் என் பேச்சை மட்டும் நம்பி எழுதாதே. நான் ஒரு தடவை ஏமாற்றியவன்.

ஞாயிற்றுக்கிழமை வா. போனை அம்மா முன்னால் வை. தாத்தா அவளிடம் சொன்னதை முதலிலிருந்து கேள். நான் காலை பஸ்ஸுக்கே மாதையன் வீட்டுக்குப் போய்விடுவேன். நீ திரும்பிப் போன பிறகுதான் வருவேன். நான் இதில் எழுதியதும் அவள் சொல்வதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே ஒத்துப்போகவில்லை என்பதை நீயே பார்த்துக்கொள். அப்பா கேட்கிறாரே என்று பாவம் பார்த்து எனக்குப் போனில் சொல்லிவிடாதே. கொட்டகையிலிருந்து விரட்டிய பிறகு அந்தக் கடற்கரையில் என் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை, ஊரில் மற்ற எல்லாரும் படிக்கிற மாதிரி, நானும் உன் புத்தகத்தில்தான் படிப்பேன்.

யார் கையும் படாமல் எழுதி முடித்தது,
உன் அப்பா